அந்த போட்டோவ கிழிக்கிற ஆளு

நம்ம வீட்டு ஜனம் (வாட்ஸ்அப் குழு)

சித்தப்பா: நேத்து ராத்திரி தூக்கம் வரலன்னு '12 ஆங்க்ரி மென்' போட்டேன், ஒரு கொலை கேஸ்ல தீர்ப்பு சொல்ல வேண்டிய ஜூரிங்க 12 பேரு ஒரே ரூமுக்குள்ள உக்காந்து பேசிட்டே இருக்காங்க வேற ஒண்ணும் இல்ல, ஆனா தண்ணி குடிக்கக்கூட எந்திரிக்கல நானு. ஹென்றி ஃபோண்டா தெரியும். கடைசி வரைக்கும் அவருகூட மல்லுக்கு நிக்கிறாரே ஒரு தடிச்ச ஆளு, அவரு யாருண்ணே?

பெரியப்பா: லீ ஜே காப். மூணாம் நம்பர் ஜூரி. எனக்கு அந்தப் படம்னாலே அவருதான்டா, ஃபோண்டா அடுத்துதான்

அத்தை: அய்யோ அந்த பர்ஸ தூக்கி மேஜ மேல வீசுவாரே, பையன் போட்டோ வெளிய வந்துரும் அத கிழிச்சிட்டு அப்புறம் ஓன்னு அழுவாரே. வயசான காலத்துல பாவம்னு இருந்துச்சு எனக்கு

பெரியப்பா: வயசான காலமா? படம் வந்தது 1957, அப்ப அவருக்கு 45 வயசுதான்

அத்தை: என்னண்ணே சொல்றீங்க!! அறுபதுன்னு நெனச்சேன்

பெரியப்பா: அதாம்மா அவரு வாழ்க்கையே. இளவட்டமா யாருமே அவர பாக்கல. 1911 டிசம்பர்ல நியூயார்க்ல பொறந்தாரு, யூதக் குடும்பம், சொந்தப் பேரு லியோ ஜேக்கபி. சின்ன வயசுல வயலின்ல பெரிய ஆளா வருவான்னு எதிர்பாத்தாங்க, மணிக்கட்டு ஒடஞ்சதுல அது போச்சு. 1935ல குரூப் தியேட்டர்னு நியூயார்க் நாடகக் குழுல சேந்தாரு. அவங்களோட 'கோல்டன் பாய்' நாடகம் 1939ல படமாச்சு, அதுல ஹீரோ வில்லியம் ஹோல்டனுக்கு இவரு அப்பா. ஹோல்டனுக்கு 21 இவருக்கு 27, ஆறு வயசுதான் வித்தியாசம்

குட்டி தம்பி: ஆறு வயசு பெரியவர் அப்பாவா 😮

பெரியப்பா: ஆமா கண்ணா. நானும் ஆபீஸ் ரிக்ரியேஷன் கிளப் நாடகத்துல 26 வயசுல அப்பா வேஷம் கட்டியிருக்கேன், தலைல ஜிங்க் ஆக்சைட் பவுடர தடவி ஸ்பிரிட் கம்ல மீசைய ஒட்டி கூன் போட்டு நடந்தேன். நாலு ஷோ ஆடினப்புறம்தான் புரிஞ்சது கெழவன் எவனும் நான் கெழவன்னு காட்ட நடக்கமாட்டான், நல்லாத்தான் இருக்கேன்னு காட்டத்தான் நடப்பான். காப் பண்ணது பூரா அதான், கத்துறது மேஜைய குத்துறது எல்லாமே நான் இன்னும் பலமாத்தான் இருக்கேன்னு காட்டுறதுக்கு

அக்கா: அப்பா அந்த போட்டோ முதல்லயே ஒரு தடவ வரும்ல? பக்கத்துல இருக்கவருகிட்ட காட்டிட்டு, பையனுக்கு இப்ப 22, 9 வயசுல ஒரு சண்டைய பாத்து ஓடிவந்துட்டான் எனக்கு மானமே போச்சு உன்ன ஆம்பளையாக்கறேன்னு வளத்தேன், 16 வயசுல என் தாடைலயே குத்திட்டான், பாத்து ரெண்டு வருஷமாச்சுன்னு சொல்லுவாரு. ரொம்ப சாதாரணமா சொல்லிட்டு போயிடுவாரு. முதல் தடவ பாக்குறப்ப நான் அத கவனிக்கவே இல்ல

பெரியப்பா: அதான் அதான். முன்னாடியே சொல்லி வச்சுட்டாங்க, நாமதான் கேக்கல

அக்கா: இன்னொண்ணு, விஸ்காம் படிக்கிறப்ப சார் ஃபிரேம் ஃபிரேமா நிறுத்தி காட்டினாரு. டைரக்டர் சிட்னி லூமெட்டுக்கு அது முதல் சினிமா. ஆரம்பத்துல கேமரா கண்ணுக்கு மேல இருந்து பாக்கும், நடுவுல கண் மட்டத்துக்கு வரும், கடைசில கண்ணுக்கு கீழ போயிடும் அதனால கூரை தெரிய ஆரம்பிக்கும். லென்ஸும் போகப்போக நீளமானது போடுவாங்க, செவுரு கிட்ட வந்த மாதிரி ஆயிடும். காப் அழற நேரத்துல நமக்கே மூச்சு முட்டுதுல்ல அது சும்மா இல்ல

சித்தப்பா: ஓ அதான் கடைசில எனக்கு ஃபேன் போட்டும் புழுங்குச்சு

பெரியப்பா: ஆனா படத்த மட்டும் வச்சு அவர பேசக்கூடாது. மேடைலதான் அவரு மலை. 1949 பிப்ரவரி 10, நியூயார்க் மொரோஸ்கோ தியேட்டர், 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்'. ஆர்தர் மில்லர் எழுதி எலியா கசான் டைரக்ட் பண்ணது. வில்லி லோமன்னு 63 வயசு சேல்ஸ்மேன், ரெண்டு பெரிய சாம்பிள் பெட்டிய தூக்கிட்டு ராத்திரில வீட்டுக்குள்ள வருவாரு அங்கதான் நாடகமே தொடங்கும். அந்த 63 வயசுக்காரரா நடிச்ச காப்புக்கு 37

பெரியப்பா: மில்லர் மனசுல வச்சிருந்தது சின்ன உருவம். எவனோ தன்ன இறாலுன்னு கிண்டல் பண்ணத வில்லி சொல்ற மாதிரி எழுதியிருந்தாரு, காப் வந்ததும் இந்த உடம்ப எவன் இறாலும்பான்னு அத வால்ரஸ்னு மாத்திட்டாரு, பெரிய கடல் மிருகம் அது. 1984ல குள்ளமான டஸ்டின் ஹாஃப்மேன் அந்த வேஷம் போட்டப்ப திரும்ப இறாலு. ஒரு நடிகனோட உடம்பு வசனத்தையே மாத்தியிருக்கு பாருங்க

பெரியப்பா: ஃபிலடெல்ஃபியால முன்னோட்டமா போட்டப்ப திரை விழுந்ததும் கைதட்டலே இல்லையாம், ஆம்பளைங்க மூஞ்ச மூடிட்டு உக்காந்திருந்தாங்களாம், ரொம்ப நேரங்கழிச்சுதான் தட்டினாங்களாம், மில்லரே எழுதியிருக்காரு. மொத்தம் 742 ஷோ ஓடுச்சு ஆனா முழுசும் இவரு ஆடல, நடுவுல விலகிட்டாரு. தெனம் ராத்திரி மேடைல ஒரு தடவ செத்துட்டு வர்ற வேஷம்மா அது

குட்டி தம்பி: பெரியப்பா இப்ப நெட்ல படிச்சேன், இவரு கூட இருந்தவங்கள காட்டிக்குடுத்திருக்காரே? 1953ல 20 பேரு

அத்தை: காட்டிக்குடுத்தாரா? யார?

பெரியப்பா: உண்மைதான். அப்ப அமெரிக்கா கீழ்சபைல ஒரு கமிட்டி கம்யூனிஸ்ட்டுங்கள பிடிக்கிறோம்னு சினிமாக்காரங்கள கூப்ட்டு கூப்ட்டு விசாரிச்சது. போய் பழைய கூட்டாளிங்க பேர சொல்லணும், சொல்லலேன்னா எவனும் வேலை குடுக்கமாட்டான். கமிட்டிக்கு பாதிப்பேரு முன்னாடியே தெரியும், உன் வாயால சொல்லுன்னுதான் கூப்பிடுறது. இவரு ரெண்டு வருஷம் தாக்குப்பிடிச்சாரு. காசு தீந்துபோச்சு, பொண்டாட்டிக்கு உடம்பு முடியல, கொழந்தைங்க வேற. அப்புறம் சொல்லிட்டாரு

அத்தை: கஷ்டம்தாண்ணே இல்லேங்கல. ஆனா அந்த 20 பேருக்கும் கொழந்தைங்க இருந்திருக்கும்ல

பெரியப்பா: இருந்திருக்கும். அதுக்கு எங்கிட்ட பதில் இல்லம்மா

சித்தப்பா: அண்ணே அந்த நெலமைல நாம என்ன செஞ்சிருப்போம்னு சொல்ல முடியுமா

அத்தை: சொல்லாம இருந்தவங்களும் இருந்தாங்கல்ல

பெரியப்பா: இருந்தாங்க. அந்த சேல்ஸ்மேன எழுதின மில்லரையே 1956ல கூப்ட்டாங்க, அவரு மத்தவங்க பேர சொல்லமாட்டேன்னுட்டாரு, அவமதிப்பு கேஸ்ல தண்டனையே குடுத்தாங்க, 1958ல அப்பீல்ல ரத்தாச்சு. நீ சொல்றது நியாயம், நான் மறுக்கல. ஒருத்தர ரொம்பப் புடிக்கும்னு அவரு செஞ்சத இல்லேன்னு சொல்லமாட்டேன்

அக்கா: அப்பா 'ஆன் தி வாட்டர்ஃப்ரண்ட்' அடுத்த வருஷம்தான? 1954?

பெரியப்பா: ஆமா. டைரக்டர் கசான், எழுதினவரு பட் ஷூல்பெர்க், வில்லன் காப், மூணு பேருமே கமிட்டில பேர சொன்னவங்க. கதை என்ன? துறைமுக ரவுடிங்களுக்கு எதிரா மார்லன் பிராண்டோ சாட்சி சொல்றது. எந்த ஆளுக்கு எதிரா? காப்புக்கு எதிரா. அத நெனச்சுக்கிட்டே அவரு மூஞ்ச பாருங்க, வேற படமா தெரியும். அதுக்கு துணைநடிகர் ஆஸ்காருக்கு பேரு போச்சு, அதே படத்துலேர்ந்து இவரு, கார்ல் மால்டன், ராட் ஸ்டைகர்னு மூணு பேரு, மூணு பேருக்கும் இல்ல. 1958 'பிரதர்ஸ் கரமசோவ்'க்கும் போச்சு, அதுவும் வரல. ஆஸ்காரே வாங்காமத்தான் போனாரு. அந்தக் கரமசோவ்லயும் அப்பா வேஷம்தான்

பெரியப்பா: நடுவுல 1955ல ஹார்ட் அட்டாக். யாரு பாத்துக்கிட்டா தெரியுமா, பாட்டுக்காரர் ஃபிராங்க் சினாட்ரா. பெரிய பழக்கம்கூட இல்ல ரெண்டு பேருக்கும். ஆஸ்பத்திரி செலவ ஏத்துக்கிட்டு, தேறி வர்ற வரைக்கும் தங்க இடமும் குடுத்தாரு. அது முடிஞ்சு வந்துதான் அந்த மூணாம் நம்பர் ஜூரி, நெஞ்சு வலி பாத்த மனுஷன் அந்தக் கத்து கத்துறாரு

சித்தப்பா: அத்தோட பாத்தா மனசு கேக்கலண்ணே

குட்டி தம்பி: 'எக்சார்சிஸ்ட்'ல வர்ற போலீஸ்காரரும் இவருதானாம்!

பெரியப்பா: ஆமா 1973. சத்தமே போடாம பேசுவாரு அதுல. அதுக்கு முன்னாடி 1962லேர்ந்து நாலு வருஷம் 'தி வர்ஜீனியன்'னு டிவி கௌபாய் சீரியல்ல நீதிபதி, அது சோத்துக்கு பண்ணது, விடு. 1968ல நியூயார்க் லிங்கன் சென்டர்ல கிங் லியர் ஆடினாரு, மறுபடியும் புள்ளைங்களால ஒடஞ்சுபோற அப்பன். 1976 பிப்ரவரில போயிட்டாரு, 64 வயசு, மறுபடியும் நெஞ்சுதான்

பெரியப்பா: முக்கியமானத விட்டுட்டேன். 1966ல சிபிஎஸ் டிவில அந்த சேல்ஸ்மேன திரும்ப எடுத்தாங்க. மேடைல மனைவியா நடிச்ச அதே மில்ட்ரெட் டன்னாக் மனைவியா, அதே காப் வில்லியா, 17 வருஷம் கழிச்சு. அப்ப 54. பேர சொன்ன ஆளுக்கு பேர சொல்லாத மில்லர் எழுதின வேஷம், மில்லரே டிவிக்கு சுருக்கிக் குடுத்தது. 1949ல மேடைல ஆடினத நாம பாக்க முடியாது, இது இருக்கு

அத்தை: அத அனுப்புங்கண்ணே பாக்குறேன். எனக்கு அவரு மேல கோவம் போகல ஆனா பாக்கணும்

அக்கா: அத்தை ஞாயித்துக்கெழம எல்லாரும் இங்க வாங்க டிவில போட்டுடறேன்

சித்தப்பா: இப்ப அந்த கடைசி பத்து நிமிஷத்த திரும்பப் பாத்தேன். எல்லாரும் வெளிய போயிட்டாங்க இவரு மட்டும் மேஜைகிட்ட நிக்கிறாரு, ஃபோண்டா ஹேங்கர்லேர்ந்து இவரு கோட்ட எடுத்துட்டு வந்து பின்னாடி புடிச்சு போட்டுவிடறாரு. நேத்து அத கவனிக்கவே இல்லண்ணே

பெரியப்பா: கைய நீட்டி போட்டுக்குவாரு பாரு. ஒரு வார்த்த பேசமாட்டாரு