46 வயதில் பதவி உயர்வும் அப்பாவின் பராமரிப்பும் ஒன்றாக வந்திருக்கின்றன: வேலையை விடலாமா?

ஈசூன் மகள்:

அனைவருக்கும் வணக்கம். 2003ஆம் ஆண்டு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் பட்டம் பெற்றேன். சார்ஸ் பரவிய ஆண்டு என்பதால் வேலை கிடைக்க ஏழு மாதங்கள் ஆயின. காப்புறுதி நிறுவனம் ஒன்றில் தற்காலிக எழுத்தராகத் தொடங்கி, பிறகு துவாஸில் உள்ள மருந்து உற்பத்தி ஆலையொன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்தேன். திருமணமும் தாமதம், குழந்தையும் தாமதம். மகன் பிறந்தபோது எனக்கு 34 வயது. அவன் இந்த ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு எழுதுகிறான்.

பிப்ரவரியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, வலக்கை செயலிழந்துவிட்டது. செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் முப்பது ஆண்டுகள் பற்றவைப்பு வேலை செய்த கை அது. அம்மாவுக்கு 72 வயது. அப்பாவைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, உணவூட்டி எல்லாவற்றையும் தனியாகவே செய்கிறார். அண்ணன் மெல்பர்னில் இருக்கிறார். நான் வேலை முடிந்து ஈசூனுக்குப் போய்ச் சேர இரவு எட்டு மணியாகிறது.

சென்ற வாரம் என்னை வட்டாரத் தர மேலாளர் பதவிக்குத் தேர்ந்தெடுத்திருப்பதாக அறிவித்தார்கள். இருபது ஆண்டுகளாக நான் எதிர்பார்த்த பதவி. ஆனால் மாதத்தில் எட்டு, பத்து நாள்கள் வெளிநாட்டில் இருக்க வேண்டும். கணவர் பணியாற்றும் நிறுவனத்தில் ஆட்குறைப்பு பற்றிய பேச்சு இருப்பதால், என் சம்பளத்தை இலேசாக எண்ணவும் முடியவில்லை. பதவியை மறுப்பதா, ஓராண்டு வேலையை விட்டு அப்பாவைப் பார்த்துக்கொள்வதா, விட்டால் 47 வயதில் என்னை யாரேனும் மீண்டும் எடுப்பார்களா? இந்த வயதில் இப்படிப்பட்ட முடிவை எடுத்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

காலாங் நதியோரம்:

சகோதரி, நான் எடுத்த முடிவைச் சொல்கிறேன். என் அம்மாவுக்கு மறதிநோய் முற்றியபோது எனக்கு 47 வயது, மென்பொருள் திட்ட மேலாளராக இருந்தேன். ஒரே வாரத்தில் பதவி விலகல் கடிதம் கொடுத்துவிட்டு, இரண்டு ஆண்டுகள் அவருடன் இருந்தேன். அந்த இரண்டு ஆண்டுகளும் எனக்குக் கிடைத்த பேறு என்றே நினைக்கிறேன். ஆனால் யாரிடமும் எதையும் கேட்காமல் அவசரப்பட்டு வேலையை விட்டது தவறு. திரும்பி வேலை தேடியபோது பதினொரு மாதங்கள் காத்திருந்தேன். கிடைத்த சம்பளமும் முன்பைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு.

பணக் கணக்கை நிதானமாகப் பாருங்கள். 2026 ஜனவரியிலிருந்து மத்திய சேமநிதிச் (ஊழியரும் முதலாளியும் கட்டும் கட்டாயச் சேமிப்பு) சந்தாவுக்கான மாதச் சம்பள உச்சவரம்பு 8,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). உங்கள் சம்பளம் அந்த வரம்பைத் தொட்டிருந்தால், உங்களுடைய 20 விழுக்காடும் முதலாளியின் 17 விழுக்காடும் சேர்ந்து மாதம் 2,960 வெள்ளி, ஆண்டுக்கு 35,520 வெள்ளி சேமநிதியில் சேர்கிறது. 45 வயதைக் கடந்து 50 வயது வரை உள்ளவர்களுக்கு அதில் 640 வெள்ளி மாதந்தோறும் 4 விழுக்காடு வட்டி தரும் சிறப்புக் கணக்குக்குப் போகிறது. வேலையை விடும்போது கையில் வரும் சம்பளம் நிற்பதை எல்லாரும் எண்ணிப் பார்க்கிறோம். இது நிற்பது உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. நான் வீட்டுக் கடன் தவணையைச் சேமநிதியின் சாதாரணக் கணக்கிலிருந்து கட்டி வந்தேன். ஒன்பதாவது மாதம் கணக்கு வற்றிப்போய், தவணையை ரொக்கமாகக் கட்ட வேண்டியதாயிற்று. வேலையை விடுவதற்கு முன்பு அந்தக் கணக்கில் எத்தனை மாதத் தவணைக்குப் பணம் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

மனிதவளப் பிரிவில் 18 ஆண்டுகள்:

விடுவதா, இருப்பதா என்ற இரண்டு வழிகள் மட்டுமே இருப்பதாக எண்ண வேண்டாம். நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கான கோரிக்கைகள் குறித்த முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன. தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர் முறையாக எழுத்து மூலம் கோரிக்கை வைத்தால், முதலாளி இரண்டு மாதங்களுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். மறுப்பதாக இருந்தால் செலவு, உற்பத்தித்திறன் போன்ற தொழில் சார்ந்த காரணத்தைக் கூற வேண்டும். கோரிக்கை கட்டாயம் ஏற்கப்படும் என்று இதற்குப் பொருள் இல்லை. எனினும் புதிய பதவியை அவர்கள் உங்களுக்குக் கொடுக்க விரும்பும் இந்த நேரத்தில் உங்கள் சொல்லுக்கு இருக்கும் எடை பிறகு இருக்காது. 'பயணத்தைக் குறைக்க வேண்டும்' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். முதல் ஆறு மாதங்களுக்கு எத்தனை பயணங்கள், வாரத்தில் எந்த நாள்களில் வீட்டிலிருந்து வேலை, உங்களுக்குப் பதிலாக ஆலைத் தணிக்கைக்கு யார் போவார் என்பதை நீங்களே எழுதிக் கொடுங்கள்.

பராமரிப்புப் பக்கத்தில், உங்கள் அப்பாவுக்கு குளிப்பது, உடுத்துவது, உண்பது போன்ற அன்றாடச் செயல்களில் குறைந்தது மூன்றுக்கு எப்போதும் பிறர் உதவி தேவை என்று மதிப்பிடப்பட்டால், வீட்டு வருமானத்தைப் பொறுத்து இல்லப் பராமரிப்பு மானியம் கிடைக்கலாம். 2026 ஏப்ரல் முதல் அது மாதம் 600 வெள்ளி வரை. பணிப்பெண் வைத்தால், 67 வயது நிரம்பிய முதியவர் இருக்கும் வீட்டுக்கு, அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வை 300 வெள்ளிக்குப் பதிலாக 60 வெள்ளிதான்.

தேக்கா பாட்டி:

மகளே, நான் 74 வயதுக்காரி, உன் தாயின் இடத்திலிருந்து எழுதுகிறேன். என் இடுப்பெலும்பு முறிந்தபோது என் மகள் தனக்கு வந்த பதவி உயர்வை மறுத்துவிட்டாள். ஒன்பது ஆண்டுகள் கழித்து, அவளுடைய தோழி ஒரு திருமண வீட்டில் பேச்சுவாக்கில் சொல்லித்தான் அது எனக்குத் தெரியவந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னிடம் கேட்டிருந்தால், பகலில் ஒரு துணையும் குளியலறையில் இரண்டு கைப்பிடிகளும் போதும் என்று சொல்லியிருப்பேன்.

நீ இவ்வளவு எழுதியிருக்கிறாய், ஆனால் உன் அம்மா என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. அப்பாவிடமும் கேள். கைதானே வழங்கவில்லை, அவருடைய கருத்தைச் சொல்ல அவரால் முடியுமல்லவா? மெல்பர்னில் இருக்கும் உன் அண்ணனையும் விட்டுவிடாதே. தூரத்தில் இருப்பவர் பணிப்பெண்ணின் சம்பளத்தை ஏற்கலாம். ஆண்டுக்கு இரண்டு முறை வந்து, நீ பயணம் போகும் வாரங்களில் வீட்டில் இருக்கலாம்.

ஈசூன் மகள்:

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பாட்டி, நீங்கள் சொன்னது உண்மை. அம்மாவிடம் நான் கேட்கவே இல்லை. நேற்றிரவு கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பகலில் மூன்று மணி நேரம் கிடைத்தால் போதும், சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வந்துவிடுவேன் என்றார். அப்பாவுக்குப் பேச்சு இன்னும் தெளிவாக இல்லை. பதவியைப் பற்றிச் சொன்னபோது, இடக்கையைத் தூக்கிச் சுவரில் இருந்த என் பட்டமளிப்பு விழாப் படத்தைக் காட்டினார். அந்த விழாவுக்கு அவர் இரவு வேலை முடித்துத் தூங்காமல் நேராக வந்திருந்தார்.

வேலையை விடும் எண்ணத்தை இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிட்டேன். சாதாரணக் கணக்கைப் பார்த்தேன், பதினான்கு மாதத் தவணைக்குப் பணம் இருக்கிறது. அண்ணனிடம் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன். கோரிக்கைக் கடிதத்தில், மகனின் தேர்வு முடியும்வரை மாதம் ஒரு பயணம், வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை என்று எழுதியிருக்கிறேன். மனிதவளப் பிரிவில் இருப்பவரிடம் ஒரு கேள்வி: பதவி உயர்வுக் கடிதத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே இந்தக் கோரிக்கையைக் கொடுத்துவிட வேண்டுமா?

மனிதவளப் பிரிவில் 18 ஆண்டுகள்:

ஆம், முன்பே கொடுங்கள். அவர்கள் ஒப்புக்கொள்வதைப் பதவி உயர்வுக் கடிதத்திலேயே சேர்த்துத் தரச் சொல்லுங்கள்.