புதுப்பிப்பு: வெள்ளவத்தை தொடர்மாடிக்கு பைபர் இணையம் வந்துவிட்டது

பைபர் (கண்ணாடி இழை) வயரை வீட்டுக்குள் கொண்டுவரச் சுவரில் துளை போட தொடர்மாடி நிர்வாகக் குழு விடவில்லை, வேறு வழி உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். பழைய தொலைபேசி வயர் போன குழாய்க்குள்ளாலேயே இழுத்துவிட்டார்கள். யோசனை சொன்ன அண்ணாவுக்கு நன்றி. பொருத்த வந்த தம்பி மூலையில் வயரை இறுக்கி மடிக்கவே விடவில்லை. கண்ணாடி இழை கூர்மையாக வளைந்தால் ஒளி வெளியே கசிந்துவிடுமாம். வந்துசேரும் ஒளியின் பலம் மீட்டரில் மைனஸ் 19 டிபிஎம் (ஒளிப் பலத்தின் அலகு). மைனஸ் 27 வரை குறைந்தாலும் இணைப்பு வேலை செய்யும் என்பதால் தாராளம்.

ஜிபொன்னில் (ஒரே பைபர் இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறை) நொடிக்கு 2.5 கிகாபிட்டை அயலவர்களோடு பகிர்வதால் இரவில் வேகம் குறையுமோ என்று கேட்ட அக்காவுக்கு: இதுவரை இல்லை. லான் வயரில் முழு வேகம். உள்ளறை வைஃபையில்தான் பாதிகூட வருவதில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் அலை எங்கள் கொங்கிரீட் சுவரைத் தாண்டப் படாத பாடு படுகிறது. அதனால் அந்த அறைக்கு ஒரு கேட் 6 வயர் (வேகமான லான் வயர்) இழுக்க வேண்டும். அதற்கும் குழுவுக்குக் கடிதம் கொடுக்கவேண்டுமாம்!