புதுப்பிப்பு: ஸ்லைடு ரெயிலுக்கு எண்ணெயா, கிரீஸா?
அலுமினிய ஃபிரேம் உள்ள என் பிஸ்டலில் ஸ்லைடு (சுடும்போது முன்னும் பின்னும் நகரும் மேல்பகுதி) ஓடும் ரெயில்களில் எண்ணெய் நிற்பதே இல்லை, கறுப்பு மசிதான் சேர்கிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது தெளிவாகிவிட்டது. ரெயில்களுக்கு மட்டும் மெல்லிய படலமாகக் கிரீஸ், குழலின் வெளிப்புறத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய், அவ்வளவுதான்.

எஃகு ஸ்லைடு அலுமினியத்தின் மேல் உரசும்போது மெல்லிய எண்ணெய் வழிந்து போய்விடுகிறது, கிரீஸ் அங்கேயே நிற்கிறது. அலுமினியத்தின் மேல் இருக்கும் அனோடைஸ் என்ற பாதுகாப்புப் பூச்சு கடினமானது, ஆனால் மிக மெல்லியது. அது தேய்ந்து உள்ளே இருக்கும் மிருதுவான உலோகம் வெளியே வந்துவிட்டால் தேய்மானம் வேகமெடுக்கும், என் பயமே அதுதான். நல்லவேளை, துடைத்துப் பார்த்ததில் விளிம்புகளில் கொஞ்சம் பளபளப்பு மட்டும்தான், பள்ளம் கீறல் எதுவும் இல்லை.

கடுங்குளிரில் சுடுபவர்கள் கவனியுங்கள், கெட்டியான கிரீஸ் இறுகி ஸ்லைடை மந்தமாக்கும், அங்கே எண்ணெயே மேல். அப்புறம், ஃபயரிங் பின் (தோட்டாவின் பின்பக்கத்தைத் தட்டும் ஊசி) போகும் துளையில் எதையும் விடாதீர்கள், கசடு பிடித்துக்கொள்ளும். கழற்றும் முன் தோட்டாக்கள் இருக்கும் மேகசினை எடுத்துவிட்டு, சேம்பர் (சுடும் முன் தோட்டா அமரும் அறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள், ஒவ்வொரு முறையும்.