பழைய கணினிகளைப் பள்ளிக்குக் கொடுக்கும் முன் ஹார்ட் டிஸ்க்கை மீட்க முடியாதபடி அழிப்பது எப்படி?

கேள்வி: மதுரை வாசகி

வணக்கம். நான் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். பயன்பாட்டிலிருந்து எடுத்துவிட்ட மூன்று மேசைக் கணினிகளையும் ஒரு மடிக்கணினியையும் அருகிலுள்ள அரசுப் பள்ளிக்குக் கொடுக்க முடிவு செய்திருக்கிறோம். வாடிக்கையாளர்களின் பான் அட்டை, ஆதார் நகல்கள், வங்கி அறிக்கைகள், வருமான வரிக் கணக்குகள் என எல்லாமே பல ஆண்டுகளாக அவற்றில்தான் இருந்தன. தேவையானவற்றைத் தனியே நகலெடுத்து வைத்துவிட்டோம். இரண்டு மேசைக் கணினிகளில் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் இருக்கிறது; மூன்றாவதன் டிஸ்க் பழுதாகி இயங்கவே இல்லை; மடிக்கணினியில், சுழலும் தட்டுக்குப் பதிலாக நினைவகச் சில்லுகளில் தரவை எழுதும் 256 ஜிபி எஸ்.எஸ்.டி. உள்ளது. ஃபார்மட் செய்தால் போதும் என்கிறார் பழுது பார்ப்பவர். முப்பத்தைந்து முறை அழிக்க வேண்டும் என்கிறார் உறவினர் ஒருவர். எது சரி?

பதில்: கோவை கணினியன்

விரைவு ஃபார்மட் நிச்சயமாகப் போதாது, அம்மா. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை மட்டுமே அது புதிதாக எழுதுகிறது. கோப்புகளின் உள்ளடக்கம் டிஸ்க்கில் அப்படியே கிடக்கும். இலவசமாகக் கிடைக்கும் ஃபோட்டோரெக் போன்ற மென்பொருளை ஓட்டினால் படங்களும் பிடிஎஃப் கோப்புகளும் வரிசையாக வெளியே வந்துவிடும்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலாட்டும் பழைய ஹார்ட் டிஸ்க்குகள் 158ஐ வாங்கி ஆராய்ந்து, 2003இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இயங்கிய 129 டிஸ்க்குகளில் முறையாக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. ஏ.டி.எம். இயந்திரம் ஒன்றிலிருந்து வந்ததாகத் தெரிந்த டிஸ்க்கும் அவற்றில் இருந்தது. வாடிக்கையாளர்கள் உங்களை நம்பிக் கொடுத்த ஆவணங்கள் என்பதால் தயவுசெய்து இதில் அவசரப்படாதீர்கள்.

பதில்: பழைய வன்பொருள்

முப்பத்தைந்து முறை என்ற கணக்கு, நியூசிலாந்தைச் சேர்ந்த பீட்டர் குட்மன் 1996இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது. அக்காலத்தில் புழங்கிய வெவ்வேறு பதிவு முறைகள் அனைத்துக்கும் சேர்த்து அவர் வகுத்த பட்டியல் அது. புதிய டிஸ்க்குகளுக்கு அது முழுவதும் தேவையில்லை என்று அவரே பின்னாளில் விளக்கிவிட்டார். காந்தத் தட்டுள்ள டிஸ்க்கில் ஒரே ஒரு முறை முழுவதும் பூஜ்ஜியங்களை எழுதினாலே, ஆய்வக வசதிகளைக் கொண்டுகூடத் தரவை மீட்பது பொதுவாக இயலாது என்று அமெரிக்க அரசின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2014இல் வெளியிட்ட வழிகாட்டி கூறியது. நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 500 ஜிபி முழுவதையும் ஒரு முறை எழுத ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாகும். முப்பத்தைந்து முறை என்றால் இரண்டு நாள் இயந்திரத்தை வீணே ஓட்ட வேண்டியிருக்கும்.

உங்கள் இரண்டு டிஸ்க்குகளையும் கழற்றி, ஒவ்வொன்றாக வேறொரு விண்டோஸ் கணினியில் இணைத்து, நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'டிஸ்க்பார்ட்' (diskpart) கொடுங்கள். 'லிஸ்ட் டிஸ்க்' (list disk) காட்டும் பட்டியலில் அளவைப் பார்த்து உரிய எண்ணைத் தேர்ந்தெடுத்த பின் 'க்ளீன் ஆல்' (clean all) என்று தட்டச்சு செய்யுங்கள். 'க்ளீன்' என்று மட்டும் கொடுத்தால் பகிர்வு அட்டவணை மட்டுமே போகும். 'ஆல்' மிக முக்கியம். அந்தக் கட்டளை 'உறுதியாகவா?' என்று கேட்காது. ஆகவே அழிக்க வேண்டிய டிஸ்க்கையும் விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கையும் தவிர மற்ற அனைத்தையும் முதலில் கழற்றிவிடுங்கள். முடிந்ததும் ஃபோட்டோரெக் கொண்டு நீங்களே தேடிப் பாருங்கள். ஒரு கோப்பும் அகப்படக் கூடாது. இந்தச் சோதனையைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

பதில்: தரவுக் காவலர்

மேலே சொன்ன முறை எஸ்.எஸ்.டி.க்குப் பொருந்தாது என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். தேய்மானத்தைப் பரவலாக்குவதற்காக எஸ்.எஸ்.டி. தன் விருப்பப்படி வெவ்வேறு இடங்களில் எழுதும். கணினியின் கண்ணுக்கே தெரியாத உபரிப் பகுதியும் அதில் உண்டு. நீங்கள் எத்தனை முறை மேலெழுதினாலும் பழைய தரவு இருக்கும் பக்கங்கள் எங்கோ தங்கியிருக்கலாம். எனவே அந்த எஸ்.எஸ்.டி.யின் சொந்த அழிப்புக் கட்டளையையே பயன்படுத்த வேண்டும். தயாரிப்பாளரின் மென்பொருளிலோ, சில மடிக்கணினிகளைத் தொடக்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்புப் பட்டியலிலோ 'செக்யூர் இரேஸ்' என்ற பெயரில் அது இருக்கும்.

அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது. சான் டியேகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட சோதனையில், ஒரு எஸ்.எஸ்.டி. 'அழித்துவிட்டேன்' என்று அறிவித்த பிறகும் தரவு முழுவதும் அதில் இருந்தது. மடிக்கணினியில் தொடக்கத்திலிருந்தே, தரவைத் திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்கியிருந்தால் உங்களுக்குக் கவலை மிகக் குறைவு. திறவுகோல் போய்விட்டால் மிச்சம் இருப்பது பொருளற்ற எண்கள்தாம். இப்போதுதான் இயக்கப்போகிறீர்கள் என்றால் பழைய பக்கங்களை அது காக்காது. என் கருத்தில், வாடிக்கையாளர் ஆவணங்கள் குறியாக்கமின்றி இருந்த எஸ்.எஸ்.டி.யைக் கொடுக்காமல், புதிதாக ஒன்றை வாங்கிப் பொருத்திப் பள்ளிக்குக் கொடுப்பதே சரி.

மதுரை வாசகி

மிக்க நன்றி. பிட்லாக்கர் இயக்கப்படவில்லை, எஸ்.எஸ்.டி.யை மாற்றிவிடுகிறோம். இயங்காத டிஸ்க்கைக் காயலான் கடையில் போட்டுவிடலாமா?

பதில்: பழைய வன்பொருள்

வேண்டாம். பெரும்பாலும் மின்சுற்றுப் பலகையோ மோட்டாரோதான் பழுதாகியிருக்கும். தட்டுகளில் எழுதப்பட்டவை அப்படியே இருக்கும், தரவு மீட்பு ஆய்வகம் அவற்றைப் படித்துவிடும். மேசைக் கணினி டிஸ்க்கின் தட்டுகள் பொதுவாக அலுமினியத்தால் ஆனவை. மேல்மூடியைத் திறந்து, தட்டுகளைக் கழற்றி, துளையிட்டு வளைத்துவிடுங்கள். மடிக்கணினி டிஸ்க்குகளில் கண்ணாடித் தட்டுகள் இருப்பதுண்டு, அவை சில்லுச்சில்லாகத் தெறிக்கும் என்பதால் எதுவானாலும் கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்துகொள்ளுங்கள். மாற்றிய எஸ்.எஸ்.டி.யை உடைப்பதாக இருந்தால் ஒரு துளை போதாது, உள்ளே இருக்கும் ஒவ்வொரு நினைவகச் சில்லும் உடைந்திருக்க வேண்டும். மிச்சத்தை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்து, டிஸ்க்கின் வரிசை எண்ணைக் குறிப்பிட்டு ரசீது வாங்கி அலுவலகக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.