எம்பர் ரூட்டின் பிழைச்செய்தியைத் தெளிவாக்க உதவி தேவை

வேலூர் நண்பர்களுக்கு வணக்கம். ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்றின் ஆர்டர்களைக் கவனிக்கும் எம்பரில் (Ember.js என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பு) எழுதிய பழைய செயலியைப் பராமரிக்கிறேன். ரூட் (ஒரு முகவரிக்குரிய பக்கத்தைக் கவனிக்கும் நிரல்) முகவரியின் மாறும் பகுதி '_id' என்று முடிந்து, பக்கத்துக்கான தரவைக் கொண்டுவரும் மாடல் ஹுக்கும் எழுதப்படாமல் இருந்தால், இந்தப் பழைய எம்பர் அந்தப் பெயருள்ள மாடலை (தரவு வகையை) வைத்துத் தானாகவே ஸ்டோர் என்ற தரவுக் களஞ்சியத்தில் தேடுகிறது; அப்படி ஒரு மாடல் இல்லையென்றால் பிழை காட்டுகிறது. யார் கேட்டார்கள் இந்த உபகாரத்தை?

லிங்க்கிலேயே ஆர்டரின் தரவை (object) முழுதாகக் கொடுத்தால் ஹுக் ஓடுவதே இல்லை. பக்கத்தைப் புதுப்பிக்கும்போதுதான் பிழை தலைகாட்டுகிறது. மாடலை உருவாக்குவதா, ஹுக் எழுதுவதா என்று புதியவர்கள் திணறுகிறார்கள்.

வசதியையே அணைக்கலாம்தான், எத்தனை ரூட்டுகள் அதை நம்பியிருக்கின்றனவோ! பொது ரூட் வகுப்பில் இந்தத் தேடலை இடைமறித்து, ரூட்டின் பெயரோடு தீர்வையும் சொல்லும் செய்தியை யாராவது எழுதியிருக்கிறீர்களா? மாதிரி நிரல் இருந்தால் பகிருங்கள். காட்பாடிப் பக்கம் என்றால் நேரிலேயே வருகிறேன்.