ஸ்லாஷரைத் தூக்கக்குள்ள நடுவில "டக்" எண்டு இடிக்குது, ஓட்டலாமா?

மண்டூர்த் தம்பி:
மெசின் மெசி 240 ட்ரக்டர். அம்மாட தென்னங்காணிக்குள்ள இலுக்குப் புல்லு இடுப்பளவுக்கு வந்திட்டு, கூலிக்கு ஆள் பிடிச்சுக் கட்டாது. போன கிழமை மெசினுக்குப் பின்னால பூட்டிப் புல்லு வெட்டுற 5 அடி ஸ்லாஷர் ஒண்டு பழசா, அதைச் சுத்துற சாப்ட்டோட வாங்கினன். நிலத்தில வச்சுப் பூட்டக்குள்ள ஒரு கரச்சலும் இல்லை. ஹைட்ரோலிக்கால தூக்கினா பாதி உயரத்தில "டக்" எண்டு இடிச்சு மெசினே ஒருக்காக் குலுங்குது. அதுக்கு மேல போனா சரி. இறக்கக்குள்ளயும் அதே இடத்தில இடிக்குது. பி.டி.ஓ. (சாப்ட்டைச் சுத்துற, மெசின்ட பின்பக்கத் தண்டு) சீலடியில எண்ணெய் ஈரமும் தெரியுது. இன்னும் புல்லு வெட்டேல்ல.

வெல்லாவெளி வயல்காரன்:
கிறீஸ் அடிச்சுப் பாருங்க. எங்கட ரொட்டவேட்டர் சத்தம் அதோட நிண்டிட்டு.

சம்மாந்துறை மெக்கானிக்:
கிறீஸ் பிறகு அடிக்கலாம். தம்பி, ஓட்டவே வேணாம். உங்கட சாப்ட் நீளம். வேற மெசினுக்கு அளவெடுத்து வெட்டினதா இருக்கும். ஸ்லாஷர் நிலத்தில இருக்கக்குள்ளயும் முழுக்கத் தூக்கினாலும் சாப்ட் சரிவா நிக்கும், அதால இடம் கிடைக்கும். நடுவில நேர்மட்டத்துக்கு வரக்குள்ளதான் ரெண்டு பக்கமும் கிட்ட வரும். அங்க சாப்ட்டில ஒண்டுக்குள்ள ஒண்டு போற குழாய் ரெண்டும் முட்டிப் போய் பி.டி.ஓ. பெயாரிங்கையும் கியர் பொக்ஸையும் நெரிக்குது. சீல் அழுறதும் அதாலதான்.
எந்த இடத்தில முட்டுது எண்டு எப்பிடிப் பாத்தீங்க?

மண்டூர்த் தம்பி:
மச்சான் சீட்டில இருந்து தூக்கினான், நான் பக்கத்தில நிண்டு சாப்ட்டைத் தொட்டுப் பாத்தன். எஞ்சின் ஓடினதுதான், ஆனா பி.டி.ஓ. போடேல்ல.

சம்மாந்துறை மெக்கானிக்:
சாரன் உடுத்துத்தானே நிண்டிருப்பீங்க? பி.டி.ஓ. நிமிசத்துக்கு 540 சுத்து, ஒரு செக்கனுக்கு 9. மச்சான்ட கை அந்த லீவரில பட்டிருந்தா, சாரன் நுனி பிடிபட்ட ஒரு செக்கனில ரெண்டு மீற்றர் சீலை சுத்திப்போடும். கத்துறதுக்கும் நேரம் வராது. சாப்ட்டுக்குக் கிட்டப் போறதெண்டா எஞ்சினை நிப்பாட்டி, சாவி உங்கட சட்டைப் பைக்குள்ள இருக்கோணும். மச்சான்ட பைக்குள்ள இல்லை.

இனி அளவு. சாப்ட்டைக் கழட்டுங்க. ஸ்லாஷரை அந்த இடிக்கிற உயரத்துக்குத் தூக்கி, கீழ தென்னங்குற்றி வச்சு அதில இறக்கி விடுங்க. ஹைட்ரோலிக்கை நம்பிக் கீழ தலை போடாதீங்க. மெசின்ட பி.டி.ஓ. பல்லுச் சாப்ட்டில லொக் விழுற குழிவில இருந்து ஸ்லாஷர் பக்கத்துக் குழிவு வரைக்கும் அளங்க. பிறகு கழட்டின சாப்ட்டை முழுக்க உள்ள தள்ளி, ரெண்டு லொக்குக்கும் இடையில அளங்க.

மண்டூர்த் தம்பி:
காக்கா, மெசினில 58 செ.மீ. சாப்ட் தள்ளினாலும் 61.

சம்மாந்துறை மெக்கானிக்:
பாத்தீங்களா, 3 செ.மீ. போக இடமில்லாமத்தான் இடிச்சிருக்கு. முட்டாம ஆகக் குறைஞ்சது இன்னும் 2.5 செ.மீ. வேணும். 6 வெட்டுங்க. உள் குழாய், வெளிக் குழாய், ரெண்டு பிளாஸ்ரிக் கவர், நாலிலயும் அதே 6. ஒண்டை மட்டும் வெட்டினா வேலை முடியாது. அரத்தால பிசிர் எடுத்து, உள்ள துடைச்சு, இப்ப கிறீஸ் (வெல்லாவெளியாருக்காக). முழுக்கத் தூக்கினாலும் ஒரு குழாய்க்குள்ள மற்றது மூண்டில ஒரு பங்காவது நிக்கோணும்.

வெல்லாவெளி வயல்காரன்:
சரி சரி, எங்கட ரொட்டவேட்டரையும் அளந்து பாக்கிறன்.

மண்டூர்த் தம்பி:
வெட்டினன். இடி நிண்டிட்டு. ஆனா பி.டி.ஓ. போட்டா புதுசா நடுங்குது, சீட்டில இருக்க ஏலாது.

சம்மாந்துறை மெக்கானிக்:
உடனே நிப்பாட்டுங்க. குழாய் சதுரமா?

மண்டூர்த் தம்பி:
ஓம், சதுரம்.

சம்மாந்துறை மெக்கானிக்:
அப்ப கால் சுத்து மாறிப் பூட்டியிருப்பீங்க. குழாய்ர ரெண்டு முனையிலயும் இருக்கிற, Y மாதிரிப் பிரிஞ்ச கவைகள் ஒரே திசையைப் பாக்கோணும். ஒண்டு நிண்டு மற்றது படுத்தா கவைக்குள்ள பூட்டியிருக்கிற குரோஸ் அடிபடும். எலுமிச்சம்பழ வடிவக் குழாயெண்டா இந்தப் பிழை விடவே ஏலாது.
ஸ்லாஷரைத் தூக்கிற ரெண்டு கீழ் லிங்குக்கும் என்ன பின் போட்டிருக்கீங்க?

மண்டூர்த் தம்பி:
ஒரு பக்கம் வளையம் வச்ச பின். மற்றதுக்கு 5 அங்குல ஆணி வளைச்சு...

சம்மாந்துறை மெக்கானிக்:
அந்த ஆணியைக் கழட்டி எறிங்க. பின் வாங்கிற காசைப் பாத்து ஒரு பக்கம் கழண்டு விழுந்தா, சுத்துற வெட்டியோட ஸ்லாஷர் டயருக்குள்ள வரும். கவரில சின்னச் சங்கிலி இருக்கா? அதையும் மெசினில கொழுவி விடுங்க, கவர் சாப்ட்டோட சேந்து சுத்தப்படாது. சீல் தொடர்ந்து ஒழுகினா கொண்டு வாங்க, பெயாரிங் ஆடுதா பாப்பம்.

மண்டூர்த் தம்பி:
கவை ரெண்டையும் நேராக்கினன், நடுக்கம் இல்லை. பின்னும் மாத்தியாச்சு. காணியை நடந்து பாத்து பழைய முள்ளுக்கம்பி ஒரு சுருள் எடுத்துப்போட்டுத்தான் வெட்டத் தொடங்கினன், ரெண்டு வரிசை முடிஞ்சுது. சீல் இன்னும் ஈரம்தான் காக்கா, வெள்ளிக்கிழமை உங்கட ஜும்மா முடிய மெசினைக் கொண்டு வாறன். சாவி என்ர பைக்குள்ள.