செட்டியாரையும் செட்டியாரம்மாவையும் பிரிச்சுட்டோம்

நம்ம ஊர்க்காரங்க எல்லாருக்கும் வணக்கம். மஸ்கட்லேருந்து எழுதறேன், கீழத்தெரு வேப்பமரத்து வீட்டு ரெண்டாவது பொண்ணு.

போன வாரம் டொரண்டோ அக்கா எழுதியிருந்தாங்க இல்ல, ஊர் வீட்டைக் காலி பண்றோம், பரண்ல நாலு டிரங்க் பெட்டி நிறைய கொலு பொம்மை இருக்கு, அஞ்சு பேரும் ஆளுக்குச் சமமா எடுத்துக்கப் போறோம்னு. அதைப் படிச்சதுலேருந்து எனக்கு வேற வேலை ஓடல. அக்கா, தயவுசெஞ்சு எண்ணிக்கை போட்டுப் பிரிக்காதீங்க, செட்டு செட்டா பிரிங்க. எங்க வீட்ல நாங்க பண்ண தப்பை நீங்களும் பண்ணிடக் கூடாதுன்னுதான் இதை எழுதறேன்.

எங்க வீட்டு கொலு உங்க பல பேருக்கு ஞாபகம் இருக்கும். மகாளய அமாவாசை அன்னிக்கு மத்தியானம் சாப்பாடு முடிஞ்ச கையோட அப்பா பரண் ஏறுவார், நாங்க மூணு பேரும் கீழ நின்னு கைமாத்தி வாங்குவோம். படின்னு தனியா எதுவும் கிடையாது, அரிசிப் பெட்டி, ரெண்டு பெஞ்சு, அதுக்கு மேல மண்ணெண்ணெய் டின்னு, அதுக்கு மேல பலகை, எல்லாத்தையும் மூடி அப்பாவோட வெள்ளை வேட்டி, அவ்ளோதான் ஏழு படி வந்துடும். அஞ்சோ ஏழோ ஒன்பதோ, ஒத்தைப்படையா இருக்கணும்னு அம்மா கண்டிப்பா சொல்லுவாங்க. பழைய வேட்டித் துணியில சுத்தின பொம்மையைப் பிரிக்கும்போது அந்துருண்டை வாசனை குப்புனு வரும், இன்னிக்கும் அந்த வாசனை வந்தா எனக்கு நவராத்திரிதான்.

மொதல்ல எடுத்து வைக்கறது அம்மா கல்யாணத்துல சீரா வந்த மரப்பாச்சி ஜோடி, செஞ்சந்தன மரம். அதுக்குப் புதுத் துணி கட்டி, குங்குமம் வெச்சு, கலசத்துக்குப் பக்கத்துல மேல் படியில வைப்பாங்க. அப்புறம் தசாவதாரம், ராமர் பட்டாபிஷேகம், மீனாட்சி கல்யாணம், கீழ வர வர மனுஷங்க, குறவன் குறத்தி, போலீஸ் பேண்டு, காந்தி. வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்கணும்ங்கறது எல்லார் வீட்லயும் உள்ள வழக்கம்தான, 1983-ல உலகக் கோப்பை ஜெயிச்ச வருஷம் அண்ணன் அழுது அடம்பிடிச்சு கிரிக்கெட் செட்டு வாங்கினான், ரெண்டு அம்பயரோட. தரையில பூங்கா எங்க ரெண்டு பொண்ணுங்க வேலை, ஆத்து மணலைப் பரப்பி அஞ்சு நாள் முன்னாடியே கேழ்வரகும் கடுகும் தூவித் தண்ணி தெளிச்சா கொலு வைக்கற அன்னிக்குப் பச்சைப் பசேல்னு நிக்கும், நடுவுல கண்ணாடி போட்டா குளம்.

ஆனா எங்க கொலுவுல எல்லாரும் வந்து உக்காந்து பாக்கறது செட்டியார் கடையைத்தான். கடைசிப் படியில செட்டியார் சம்மணம் போட்டு, தொப்பையும் கடுக்கனும் விபூதிப் பட்டையுமா உக்காந்திருப்பார், பக்கத்துல செட்டியாரம்மா ஒரு காலை மடிச்சு. ரெண்டும் பண்ருட்டி மண் பொம்மை, பாட்டி காலத்துது. முன்னாடி பித்தளைச் சொப்புல அரிசி, துவரம்பருப்பு, உளுந்து, வெல்லம், உப்பு, விரலி மஞ்சள்னு அம்மா தினம் நிரப்பி வைப்பாங்க, ஒரு சொப்பு காலியா இருந்தாக்கூட மனசு ஆறாது அவங்களுக்கு. விஜயதசமி முடிஞ்சு அடுத்த நாள் அந்த அரிசியையும் வெல்லத்தையும் போட்டுத்தான் சர்க்கரைப் பொங்கல்.

1977 நவம்பர்ல நாகப்பட்டினத்துப் பக்கம் அடிச்ச புயல்ல எங்க வீட்டு ஓடு கொஞ்சம் பறந்துபோச்சு, பெரியவங்களுக்கெல்லாம் தெரியும். கொலு முடிஞ்சு பெட்டியெல்லாம் பரண்ல ஏத்தியாச்சு, ரெண்டு நாள் கழிச்சு இறக்கிப் பாத்தா ஒரு பெட்டி முழுக்க தண்ணி. சுட்ட மண்ணுங்கறதால பொம்மை கரையல, வர்ணம்தான் உரிஞ்சு போச்சு. செட்டியாரம்மாவோட பச்சைப் புடவை மொத்தமா போயிடுச்சு. அம்மா அதை மடியில வெச்சுட்டுத் திண்ணையில உக்காந்திருந்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, எனக்கு அப்ப ஏழு வயசு. அடுத்த வருஷம் கும்பகோணத்துல வர்ணம் அடிக்கறவர் ஒருத்தர்கிட்ட குடுத்து அரக்குக் கலர் புடவையா மாத்திக்கிட்டு வந்தாங்க. முதுகுப் பக்கம், கொண்டைக்குக் கீழ, மடிப்புல மட்டும் அந்தப் பழைய பச்சை ஒரு புளியங்கொட்டை அளவுக்கு விட்டுப்போயிருக்கும், அதுல வர்ணம் ஏறவே இல்ல. நாங்க விரலை விட்டுத் தடவிப் பாப்போம்.

அம்மா போனதுக்கு அப்புறம் 2011-ல பொம்மையைப் பிரிச்சோம். சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல, அதுதான் இப்ப வருத்தமா இருக்கு, எல்லாரும் அவ்ளோ நல்லபடியா ஒருத்தருக்கொருத்தர் விட்டுக் குடுத்துக்கிட்டோம். எங்க அக்கா எண்ணிப் பாத்து ஆளுக்கு அறுபத்தி நாலுன்னா. நீ ஒண்ணு எடு நான் ஒண்ணு எடுக்கறேன்னு உக்காந்து எடுத்ததுல கல்யாண செட்டு மூணா போச்சு, தசாவதாரத்துல எனக்கு நாலு அவதாரம். செட்டியாரை நான் எடுத்தேன். செட்டியாரம்மாவை அண்ணன் எடுத்தான், அவனுக்கும் அம்மா ஞாபகம்தான. அந்த நிமிஷத்துல யாருக்குமே உறைக்கல.

அந்த வருஷம் மஸ்கட்ல ஃபிளாட்ல மூணு படி கட்டி செட்டியாரை வெச்சேன். சொப்பெல்லாம் நிரப்பியாச்சு, தாம்பூலத்துக்கு ஆளுங்க வந்தாச்சு, சுண்டல் குடுத்தாச்சு, அவர் பக்கத்துல ஒரு சாண் இடம் சும்மா இருக்கு. என் பொண்ணு அங்க ஒரு ரயில் இஞ்சினைக் கொண்டுவந்து வெச்சா. ராத்திரி எல்லாரும் போனதுக்கு அப்புறம் அந்த ஒரு சாணைப் பாத்துட்டு அழுதேன். அங்க நியூஜெர்சியில அண்ணி செட்டியாரம்மாவைத் தனியா வெச்சிருக்காங்க, கடைக்கு ஆம்பளை இல்ல, கடையே போடல.

பதினாலு வருஷம் இப்படியே ஓடிப்போச்சு. பார்சல்ல அனுப்ப யாருக்கும் மனசு வரல, ஏன்னா ஒருதடவை அக்காவுக்கு அனுப்பின கிருஷ்ணர் கை இல்லாம போய்ச் சேர்ந்தார், ஒடஞ்சதைக் கொலுவுல வைக்கக் கூடாதுன்னு அவ மரத்தடியில விட்டுட்டு வந்தா. இந்த வருஷம் ஆகஸ்ட்ல அண்ணன் இங்க வந்தான், கைப்பையிலேயே, தன்னோட ஸ்வெட்டர்ல சுத்தி, பிளைட்ல மடியில வெச்சுக்கிட்டு. வீட்டுக்கு வந்து பிரிச்சதும் நான் மொதல்ல திருப்பித்தான் பாத்தேன், கொண்டைக்குக் கீழ. பச்சை அப்படியே இருக்கு.

அண்ணனே சொல்லிட்டான், ரெண்டும் ஒரே வீட்ல இருக்கட்டும், பதிலுக்கு கிரிக்கெட் செட்டை முழுசா நான் எடுத்துக்கறேன்னு. என்கிட்ட இருந்த ஆறு பேரையும் ஒரு அம்பயரையும் குடுத்து அனுப்பிட்டேன். தசாவதாரம் பத்தும் எங்க அக்காவுக்குன்னு முடிவாயிருக்கு. இந்தத் தடவை காந்தி ஜெயந்தியும் விஜயதசமியும் ஒரே நாள்ல வந்துது, அக்டோபர் 2, அன்னிக்கு ராத்திரி ஆரத்தி எடுத்துட்டு ஒரு பொம்மையைப் படுக்க வைப்போமே, எங்க வீட்ல எப்பவும் மரப்பாச்சிதான், நான் இந்த வருஷம் செட்டியாரையும் செட்டியாரம்மாவையும் சேத்துப் படுக்க வெச்சேன்.

அதனால டொரண்டோ அக்கா, பெட்டியைத் திறந்ததும் எதையும் எண்ணாதீங்க. மொதல்ல எல்லாத்தையும் கூடத்துல பரப்பி செட்டு செட்டா சேத்து போட்டோ எடுத்துக்கங்க, அப்புறம் செட்டுக்கு ஒருத்தர்னு பேசுங்க, ஒருத்தருக்குப் பத்து பொம்மை கூட வந்தா வந்துட்டுப் போகட்டும். இன்னொண்ணு, உங்க வீட்டுக் கல்யாண செட்டுல நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்துல ஒத்து ஊதறவர் கட்டைவிரல் உசரத்துக்கு ஒரு பொம்மை உண்டு. அது அந்தச் செட்டோட இருக்காது, தொலைஞ்சிடும்னு உங்க அம்மா அதைப் பூங்கா சாமான் போடற ஓவல்டின் டப்பாவுலதான் போட்டு வைப்பாங்க. டப்பாவைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி பாத்துடுங்க.